கூடலூர் முதல் செலம்பரம் வரை

கடலூருக்கு ரயிலில் போகிறவர் நகருக்குள் இறங்க வேண்டிய நிலையத்தில் கடலூர் என்ற பெயரே இருக்காது. பலகையில் திருப்பாதிரிப்புலியூர் என்றிருக்கும். தெற்கே அடுத்து வரும் கடலூர் துறைமுகம் சந்திப்பு, பழைய ஊருக்கானது. பஸ்ஸில் போனால் கேள்வி வேறு மாதிரி வரும்: "ஓ.டி.யா, என்.டி.யா?" ஓல்ட் டவுனும் நியூ டவுனும் வாயில் தேய்ந்து இப்படி எழுத்துகளாகிவிட்டன. அரசுக் காகிதத்தில் ஓ.டி.க்கு முதுநகர் என்று பெயர். உள்ளூர்க்காரர்களுக்கு இவை எதுவும் வேண்டியதில்லை. மஞ்சக்குப்பம், வண்டிப்பாளையம், தேவனாம்பட்டினம், திருப்பாப்புலியூர் என்று தனித்தனியாகவே சொல்வார்கள். கடலூர் என்பது வெளியூர்க்காரர்களிடம் சொல்வதற்கான பெயர்.

கடலூரிலிருந்து சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்று முன்பின் இருக்கும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் வழியாக பஸ் ஒன்றேகால் மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அந்தச் சிறிய தூரத்துக்குள் தமிழ், சமஸ்கிருதம், பாரசீகம், போர்த்துகீசியம், பிரெஞ்சு, ஆங்கிலம் எல்லாம் ஆளுக்கொரு பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கின்றன. இந்தக் கரையில் பிறந்த பெயர்களில் சில கப்பலேறி நியூசிலாந்து வரை போயிருக்கின்றன. பெயர்களைத் தொடர்வதற்காகவே இந்தப் பாதையில் ஒரு பயணம் போகலாம்.

ஆறுகள் கூடும் ஊர்

முதுநகரில் உப்பனாற்றங்கரையில் நின்றால் ஊரின் பழைய பெயருக்குக் காரணம் தெரிந்துவிடும். மேற்கிலிருந்து கெடிலம் வருகிறது. தெற்கிலிருந்து கடலுக்கு இணையாகப் பரவனாறு வருகிறது. இரண்டும் கழிமுகத்தில் கலந்து கடலுக்குள் போகின்றன. சற்று வடக்கே தென்பெண்ணையும் கடலில் சேர்கிறது. ஆறுகள் கூடும் இடம் கூடல். கூடலில் அமைந்த ஊர் கூடலூர். வள்ளலாரின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு அவருடைய அன்பர் அப்பாசாமி செட்டியாரைத் தெரியும். நூல்கள் இன்றும் அவரைக் கூடலூர் அப்பாசாமி செட்டியார் என்றுதான் குறிப்பிடுகின்றன. அவருடைய கூடலூர் இதுதான்.

பிரெஞ்சுக்காரர்கள் பக்கத்தில் புதுச்சேரியில் இருந்தவர்கள். அவர்களுடைய ஆவணங்களில் இந்த ஊர் கூதலூர் என்றும் கோந்தலூர் என்றும் ஒலிக்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. 1783 ஜூன் 20 அன்று இந்தக் கரைக்கு எதிரே பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் மோதிய கடற்போரைப் பிரெஞ்சு வரலாறு கோந்தலூர்ப் போர் என்கிறது. ஐரோப்பாவில் சமாதான முன்னொப்பந்தம் கையெழுத்தாகி மாதங்கள் ஆகியிருந்தன. சேதி இங்கே வந்து சேரவில்லை. ஹாலே நகரத்து ஜெர்மன் மிஷனரிகளின் அறிக்கைகளில் ஊர் கூடெலூர் ஆகிறது. இந்த வடிவங்களில் கூடல் கேட்கிறது, கடல் கேட்கவில்லை.

ஆங்கிலேயர் எழுதிய எழுத்துக்கூட்டல்தான் குழப்பத்தின் வேர். முதல் எழுத்துக்குப் பின் அவர்கள் 'யு' போட்டார்கள். பஞ்சாபுக்கும் அதே 'யு' தான் போட்டார்கள் என்பதால் அதைக் கடலூர் என்று வாசிக்கலாம். குடலூர் என்றும் வாசிக்கலாம். கடைசியில் இருக்கும் 'ஓர்' வேலூர், நெல்லூர், மைசூர், தஞ்சாவூர் என்று தென்னாட்டு ஊர்களுக்கெல்லாம் அவர்கள் ஒட்டிய வால். யூல், பர்னல் இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதி, கடல் ஊர் என்பதே சரியாக இருக்கலாம் என்று ஊகித்தது. 1903 பதிப்பைத் திருத்திய வில்லியம் குரூக், கூடல் ஊர் என்ற விளக்கத்தைப் பகர அடைப்புக்குள் சேர்த்தார். அடைப்புக்குள் போனது அடைப்புக்குள்ளேயே தங்கிவிட்டது. ஆங்கில எழுத்தை வாசித்தவர்களுக்கும் கண்ணெதிரே அலையடிக்கும் கடலைப் பார்த்தவர்களுக்கும் கடலூர் என்பதே பொருத்தமாகப் பட்டிருக்க வேண்டும். நீலகிரியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் உள்ள கூடலூர்கள் கூடலூர்களாகவே இருக்கின்றன. கடற்கரைக் கூடலூர் மட்டும் கடலூர் ஆகிவிட்டது.

மாவட்டத்தின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. 1993 செப்டம்பர் 30 அன்று தென்னார்க்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபோது இந்தப் பகுதிக்குத் தென்னார்க்காடு வள்ளலார் மாவட்டம் என்று பெயரிட்டார்கள். 1997இல் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது வள்ளலார் பெயரும் போனது. தலைநகரின் பெயரே மாவட்டத்தின் பெயரானது. ஆர்க்காட்டுக்குத் தெற்கே என்று திசை காட்டிக்கொண்டிருந்த நிலம், அப்போதுதான் தன் ஊரின் பெயராலேயே அழைக்கப்படத் தொடங்கியது.

பாதிரியும் பாடலியும்

திருப்பாதிரிப்புலியூரில் பாடலீசுவரர் கோயிலுக்குப் போகிறவர்களில் சிலர் 'பாதிரி' என்றதும் கிறிஸ்தவப் பாதிரியாரை நினைத்துவிடுவதுண்டு. அந்தப் பாதிரி போர்த்துகீசியச் சொல்லிலிருந்து தமிழுக்கு வந்தவர். இந்தப் பாதிரி மரம், கோயிலின் தலமரம். சமஸ்கிருதத்தில் அதன் பெயர் பாடலி. சுவாமிக்குப் பாடலீசுவரர் என்ற பெயர் வந்தது அதனால்தான். மகத நாட்டின் பாடலிபுத்திரமும், இன்றைய பாட்னா, அதே மரத்தோடு சேர்த்துப் பேசப்படும் பெயர். கங்கைக் கரையிலும் கெடிலக் கரையிலும் ஒரே மரத்தின் பெயரில் ஊர் எழுந்திருக்கிறது.

இரண்டு பெயர்களும் இங்கே பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்திருக்கின்றன. 'லோகவிபாகம்' என்ற சமண நூல், காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் ஆட்சியில், சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், பாடலிகா என்ற ஊரில் எழுதி முடிக்கப்பட்டதாகக் கூறுகிறது. அந்தப் பாடலிகா இந்த ஊர் என்பது ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் கருத்து. பெரிய புராணத்தின்படி மருணீக்கியார் தருமசேனர் என்ற சமணத் துறவியாக வாழ்ந்தது பாடலிபுரத்துச் சமணப் பள்ளியில். சைவத்துக்குத் திரும்பித் திருநாவுக்கரசரான பிறகு, கல்லோடு பிணைத்துக் கடலில் எறியப்பட்ட அவர் கரை சேர்ந்த இடமும் இதே ஊர்தான். அந்த இடத்துக்குக் கரையேறவிட்டகுப்பம் என்று பெயர். ஒரு முழு வாக்கியத்தையே பெயராக வைத்துக்கொண்டிருக்கும் ஊர் தமிழ்நாட்டில் இன்னும் எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை.

பாதிரிக்குப் பின்னால் வரும் புலியூர் நம்மைச் சிதம்பரத்தோடு இணைக்கிறது. புலிக்கால் முனிவரான வியாக்கிரபாதர் வழிபட்ட தலங்கள் புலியூர்கள். சிதம்பரம் பெரும்பற்றப்புலியூர், இது பாதிரிப்புலியூர். ஓமாம்புலியூர், எருக்கத்தம்புலியூர் என்று வரிசை நீளும். கடலூர், சிதம்பரம் என்ற பெயர்கள் நிலைப்பதற்கு முன்னால் இவை இரண்டு புலியூர்கள். ஒன்றுக்குப் பாதிரி, இன்னொன்றுக்குத் தில்லை என்று மரங்களே அடையாளம்.

குண்டு விழுந்த தூரம்

கடலூரின் சில்வர் பீச்சுக்கு மாலையில் கூட்டம் சுண்டலுக்கும் பஜ்ஜிக்கும் வரும். கடற்கரையின் உண்மையான பெயர் தேவனாம்பட்டினம். ஐரோப்பியர் அதைத் தெக்னாபட்டம் என்று எழுதினார்கள். டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செஞ்சி நாயக்கரின் அனுமதியோடு இங்கே வந்துவிட்டார்கள். 1690இல் செஞ்சியிலிருந்த மராட்டியரிடமிருந்து இங்கிருந்த கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையின் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். வேல்ஸ் வம்சாவளியினர். கோட்டைக்கு வேல்ஸின் காவல் புனிதரான செயின்ட் டேவிட்டின் பெயர் வந்தது. யேல் 1718இல் அனுப்பிய துணி முதலான சரக்கையும் புத்தகங்களையும் பெற்றுக்கொண்ட அமெரிக்கக் கல்லூரி ஒன்று அவர் பெயரையே சூடிக்கொண்டது. இன்றைய யேல் பல்கலைக்கழகம் அதுதான்.

விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வேடிக்கை இருந்தது. கோட்டையோடு, கோட்டையிலிருந்து சுட்டால் பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள நிலமும் கம்பெனிக்கு. பெரிய பீரங்கியாகத் தேடிப் பிடித்து நாலாபக்கமும் சுட்டார்கள். அந்த வட்டத்துக்குள் வந்த ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்று சொன்னார்கள். பக்கத்தில் குண்டு உப்பலவாடி என்ற ஊர் இன்றும் இருக்கிறது, குண்டுச்சாலை இருக்கிறது. சுட்ட பீரங்கி எங்கே போயிற்றோ, சத்தம் மட்டும் ஊர்ப் பெயராகத் தங்கிவிட்டது.

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் இந்தக் கோட்டைக்கு மாறியது. 1752 வரை அப்படியே இருந்தது. 1756இல் ராபர்ட் கிளைவ் இதற்குக் கவர்னர். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார். இப்போது செயின்ட் டேவிட் என்றால் ஊருக்குள் பலருக்குத் தெரியாது. தேவனாம்பட்டினம் என்றால் ஆட்டோக்காரர் உடனே வண்டியை எடுப்பார். கவர்னர் வைத்த பெயர் கோட்டையோடு போயிற்று. கடற்கரைக் குப்பத்தார் புழங்கிய பெயர் இருக்கிறது. ஆனால் இம்பீரியல் ரோடு, லாரன்ஸ் ரோடு போன்றவை தங்கிவிட்டன. நாள்தோறும் கடைக்குப் போகிறவர் வாயில் புழங்கினால் எந்த மொழிப் பெயரும் ஊர்ப் பெயர்தான்.

வெள்ளாற்று முகத்தில் மூன்று பெயர்

முட்லூரில் பஸ்ஸைவிட்டு இறங்கி இடது பக்கம் திரும்பினால் பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில், வடகரையில் இருக்கும் துறைமுக ஊர். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இதைப் போர்ட்டோ நோவோ என்றார்கள். புதிய துறைமுகம் என்று அர்த்தம். பாரசீகமும் அரபும் பேசிய வணிகர்களுக்கு இது மஹ்மூத் பந்தர். பந்தர் என்றாலும் துறைமுகம்தான். தமிழர்கள் வந்தவர்களைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள்: பரங்கியர் குடியிருக்கும் பேட்டை.

அந்தப் பரங்கியின் பயணம் மூன்றிலும் நீண்டது. ஐரோப்பாவில் ஃபிராங்குகள் என்று ஒரு ஜெர்மானிய இனம். பிரான்ஸ் நாட்டின் பெயரே அவர்களால் வந்தது. சிலுவைப் போர்க் காலத்தில் அரபு உலகம் மேற்கிலிருந்து வந்த எல்லாக் கிறிஸ்தவரையும் இஃப்ரஞ்ச் என்றது. பாரசீகத்தில் அது ஃபரங்கி ஆனது. இந்தியில் ஃபிரங்கி, தமிழில் பரங்கி, தாய்லாந்தில் ஃபராங், சீனத்தில் ஃபோலாங்ஜி. ஃபிராங்குகளோடு பெரிய உறவில்லாத போர்த்துகீசியர், உலகம் முழுவதும் ஃபிராங்குகளின் பெயரைச் சுமந்தார்கள். நம் வீட்டில் பரங்கிக்காய்ப் பொரியல் செய்யும்போதும், சென்னையில் பரங்கிமலையில் மின்சார ரயில் நிற்கும்போதும் அந்தப் பழைய இனத்தின் பெயர்தான் வாயில் வருகிறது.

போர்ட்டோ நோவோவுக்கு உலகத்தில் வேறு சொந்தக்காரர்களும் உண்டு. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டுத் தலைநகர் போர்ட்டோ நோவோ. கேப் வெர்டித் தீவுகளில் ஒரு போர்ட்டோ நோவோ இருக்கிறது. பெனினின் தலைநகருக்கும் அங்குள்ள மக்கள் மொழிகளில் ஹொக்போனு, அஜாசே என்று வேறு இரண்டு பெயர்கள் உண்டு. போர்த்துகீசிய மாலுமிகள் ஒரே பெயரைப் பல கரைகளில் இறக்கிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு கரையும் தன் பெயரையும் விடாமல் வைத்துக்கொண்டது.

1781 ஜூலை 1 அன்று அயர் கூட்டின் ஆங்கிலப் படை ஹைதர் அலியைத் தோற்கடித்தது இந்த ஊருக்குப் பக்கத்தில்தான். ஆங்கில வரலாறு அதைப் போர்ட்டோ நோவோ போர் என்கிறது. இங்கே புழங்கிய தங்க வராகனுக்கும் நாணய வணிகர்களிடையே அதே பெயர். அந்தப் பெயர் இப்போது ஊருக்குள் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலிருந்து வெளிவந்த பழைய ஆய்வுக் கட்டுரைகளில் மட்டும் போர்ட்டோ நோவோ வாழ்கிறது.

ழகரம் போன தூரம்

பரங்கிப்பேட்டையிலிருந்து திரும்பி, வெள்ளாற்றைக் கடந்தால் சோழநாடு. சைவர்களின் தலவரிசை அப்படித்தான் வகுக்கிறது. திருப்பாதிரிப்புலியூர் நடுநாட்டுத் தலம். சிதம்பரம் சோழநாட்டுத் தலங்களில் முதலாவது. ஆகவே இந்தப் பாலத்தில் பஸ் போகும்போது, இந்தக் கரையிலிருந்து மிகத் தொலைவுக்குப் போன பெயரின் எல்லையை நாம் தாண்டுகிறோம்.

சோழ என்ற சொல்லின் கடைசி எழுத்து யார் வாயிலும் அடங்கவில்லை. அசோகரின் கல்வெட்டில் அது சோட. சமஸ்கிருதத்தில் சோல. இரண்டாம் நூற்றாண்டில் தாலமியின் கிரேக்க நூலில் சோரா. 1015இல் ராஜராஜனின் தூதர்களை வரவேற்ற சீனத்துச் சோங் அரசவை எழுதியது சூநியென். ழகரத்தைச் சிலர் டகரமாகக் கேட்டார்கள், சிலர் லகரமாக, சிலர் ரகரமாக. அரபு மாலுமிகள் ஒரு கட்டத்தில் சோழரை விட்டுவிட்டு இந்தக் கரையையே மஅபர், கடக்கும் துறை, என்று அழைத்தார்கள். மார்கோ போலோவும் இப்னு பதூதாவும் அந்தப் பெயரைத்தான் எழுதினார்கள்.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசியரும் இத்தாலியரும் வந்தபோது அவர்கள் காதில் விழுந்தது சோழமண்டலம். தாலமியைப் போலவே அவர்களும் ழகரத்தை ரகரமாகக் கேட்டுச் சோரமண்டெல் என்று எழுதினார்கள். ஆனால் அவர்கள் எழுத்தில் சகரத்துக்குப் போட்ட இரண்டு எழுத்துகளை வடக்கு ஐரோப்பாவில் ககரமாக வாசித்தார்கள். சோரமண்டெல் கோரமண்டல் ஆனது அப்படித்தான் என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். பழவேற்காட்டுக்கு வடக்கே உள்ள கரிமணல் என்ற ஊரிலிருந்து வந்தது என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் பழைய வடிவங்கள் சகரத்தில் தொடங்குகின்றன என்பதால் அந்த விளக்கம் நிற்கவில்லை.

கோரமண்டலுக்கு அதன்பின் ஓய்வே இல்லை. சீனத்து அரக்குத் திரைகள் இந்தக் கரையின் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனதால், இங்கே செய்யப்படாத அந்தப் பொருளுக்குக் கோரமண்டல் திரை என்று பெயர். பாரிஸில் கோகோ ஷனேல் அவற்றை விரும்பிச் சேர்த்தார். அவர் நிறுவனம் பின்னாளில் ஒரு வாசனைத் திரவியத்துக்கும் அந்தப் பெயரைச் சூட்டியது. கல்கத்தாவில் கட்டப்பட்டு ஆங்கிலக் கடற்படைக்குப் போன ஒரு கப்பல், அங்கே முதலில் மலபார் என்ற பெயரோடு ஓடியது. 1815இல் அதற்குக் கோரமண்டல் என்று பெயர் மாற்றினார்கள். மேற்குக்கரை கிழக்குக்கரையானது. 1820இல் அது பாய்மரத் தண்டுகளுக்காகக் கௌரி மரம் வாங்க நியூசிலாந்து போனது. அது நின்ற துறை, அதையொட்டிய ஊர், பிறகு முழுத் தீபகற்பமே கோரமண்டல் ஆனது. மவோரி மக்களுக்கு அது மாவி என்ற தெய்வ வீரன் பிடித்த மீனின் முள். அந்தப் பெயரும் இப்போது பலகைகளில் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. கோரமண்டல் என்ற பெயரில் இன்னொரு கப்பல் 1837இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் குடியேறிகளை இறக்கியது. அதிலிருந்து ஓடிப்போன மாலுமிகள் ஒளிந்திருந்த பள்ளத்தாக்கு, அடிலெய்டு நகருக்கு அருகே, கோரமண்டல் வேலி.

அதே நியூசிலாந்தில் 1836 வாக்கில் மிஷனரி வில்லியம் கொலென்சோ, மவோரிப் பெண்கள் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த ஒரு வெண்கலப் பாத்திரத்தைக் கண்டார். அது உடைந்த கப்பல் மணி. அதன்மேல் தமிழ் எழுத்து. முகையதீன் என்று தொடங்கும் பெயருள்ள ஒருவரின் கப்பல் மணி என்று பொறித்திருக்கிறது. இன்று வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தமிழ் முஸ்லிம் கப்பல்காரர்களின் பெயர் அதுவரை போயிருக்கிறது.

அவர்களுக்கும் ஒரு பெயர் உண்டு: சூலியா. பரங்கிப்பேட்டை, நாகூர், நாகப்பட்டினம் துறைகளிலிருந்து மலாயாவுக்குப் போன தமிழ் முஸ்லிம் வணிகர்களை அங்கே அப்படித்தான் அழைத்தார்கள். சோழ என்பதிலிருந்து வந்த சொல் என்பது பொதுவான கருத்து. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் சூலியா தெரு இருக்கிறது. பினாங்கில் கடற்கரையோரம் போனால் பத்து ஃபெரிங்கி, பரங்கிப் பாறை, என்ற ஊரும் வரும். வெள்ளாற்று முகத்தில் ஒன்றாகக் குடியிருந்த சோழியரும் பரங்கியரும் அந்தத் தீவிலும் அண்டை அயலாகவே இருக்கிறார்கள்.

தில்லையும் செலம்பரமும்

சிதம்பரத்துக்கு எத்தனை பெயர்கள் என்று எண்ணத் தொடங்கினால் கோயிலைச் சுற்றும் நேரம் போதாது. தில்லை, பெரும்பற்றப்புலியூர், சிற்றம்பலம், வியாக்கிரபுரம். சைவர்களுக்கு வெறும் 'கோயில்' என்றாலே போதும், இந்த ஊர்தான். சோழர் கல்வெட்டுகள் இதைப் பெரும்பற்றப்புலியூர் என்ற தனியூராகக் குறிக்கின்றன.

தில்லை மரத்தைக் கோயில் நகருக்குள் தேட வேண்டாம். கிழக்கே கிள்ளை தாண்டிப் பிச்சாவரம் போனால் படகில் உட்கார்ந்தே பார்க்கலாம். உப்பு நீரில் வளரும் சிறு மரம். இலை உதிரும் முன்னால் சிவக்கும். பட்டையைக் கீறினால் பால் வரும். கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும் பால் அது. அதன் லத்தீன் அறிவியல் பெயருக்கே குருடாக்குவது என்றுதான் பொருள். மலையாளத்தில் கண்ணாம்பொட்டி. பிற மொழிகள் மரத்தின் கொடுமையைப் பார்த்துப் பெயர் வைக்க, தமிழ் மட்டும் அதன் பெயரில் ஒரு பொன்னம்பலத்தை நிறுத்தியது.

இந்தத் தில்லைக்குள் இருந்த சிறு மன்று சிற்றம்பலம். ஊரின் இன்றைய பெயர் அதிலிருந்து வந்தது என்று மொழியறிஞர் பலர் கருதுகிறார்கள். சிற்றம்பலம் என்ற தமிழ்ச்சொல், அறிவு, வெளி என்று பொருள்படும் இரண்டு சமஸ்கிருதச் சொற்களாகச் சிதம்பரம் என்று பிரித்து வாசிக்கப்பட்டது. சிறிய மன்று, ஞானவெளி ஆனது. இதைத் திரிபு என்று தள்ளிவிட முடியாது. சிதம்பர ரகசியம் என்று திரைக்குப் பின்னால் வெட்டவெளியைக் காட்டும் வழிபாடு, அந்தப் புதிய பொருளின்மேல்தான் நிற்கிறது. வடலூரில் 1872இல் சத்திய ஞானசபையை அமைத்த வள்ளலார் அந்த ஊரை உத்தரஞான சிதம்பரம் என்றார். ஊர்ப் பெயரை ஒரு தத்துவமாக எடுத்து, வேறோர் ஊரில் கொண்டுபோய் நட்டார். பழைய பெயரும் அழியவில்லை. ஓதுவார்கள் தேவாரத்தைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் சொல்வது 'திருச்சிற்றம்பலம்'. கோலாலம்பூரிலும் லண்டனிலும் யாழ்ப்பாணத்திலும் சிவன் கோயில்களில் இந்தச் சோழநாட்டு மன்றின் பெயர் நாள்தோறும் ஒலிக்கிறது.

இனி ஐரோப்பியர். 1781 ஜூனில் அயர் கூட் இந்தக் கோயிலிலிருந்த ஹைதரின் படையைத் தாக்கித் தோற்றுத் திரும்பினார். பிறகுதான் பரங்கிப்பேட்டை வெற்றி. ஆங்கிலக் குறிப்புகளில் இந்த ஊர் சில்லம்பரம், பிரெஞ்சில் ஷலம்ப்ரோன். அழகான பெயரைக் கெடுத்துவிட்டார்கள் என்று படித்தவர்கள் சலித்துக்கொள்வதுண்டு. ஆனால் சுற்று வட்டாரத்துக் கிராமங்களில் வயதானவர்கள் இன்றும் 'செலம்பரம்' என்றுதான் சொல்வார்கள்; ஊரையும் அப்படித்தான், சிதம்பரம் என்று பெயருள்ள பேரனையும் அப்படித்தான். வெள்ளைக்காரன் எழுதியது தவறில்லை. தீட்சிதரும் பண்டிதரும் சொன்னதை அவன் கேட்கவில்லை. பல்லக்குத் தூக்கியும் படகோட்டியும் சொன்னதைக் கேட்டான். கூதலூர் என்று பிரெஞ்சுக்காரன் எழுதியதும் அப்படிக் கேட்டதுதான். சிதைவு என்று நாம் ஒதுக்கும் பழைய ஐரோப்பிய எழுத்துக்கூட்டல்கள் பல, அந்தக் காலத்துப் பேச்சுத்தமிழின் பதிவுகள். நம் ஏடுகள் எழுதிவைக்காத வாய்வழக்கை அந்த வரைபடங்கள் வைத்திருக்கின்றன.

சிதம்பரம் என்ற பெயரும் கப்பலேறியது. பிரெஞ்சுக் கம்பெனியொன்றுக்காகக் கட்டப்பட்ட பாஸ்தர் என்ற பயணிகள் கப்பலை 1970களின் தொடக்கத்தில் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி எம்.வி. சிதம்பரம் என்று பெயரிட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று அது ஓடியது. 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்ததோடு அந்தத் தடமும் முடிந்தது. ஊர்ப்பெயராகவும் ஆள்பெயராகவும் இருக்கும் அந்தச் சொல்லை மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் பல, கப்பலின் பெயராகவே நினைவு வைத்திருக்கின்றன.

எது சரியான பெயர்?

2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கேற்ப மாற்றும் ஆணையை வெளியிட்டது. எழுத்துக்கூட்டல்கள் விமர்சனத்துக்கு உள்ளாக, சில நாட்களில் அது திரும்பப் பெறப்பட்டது. வாதம் அப்போது ஆங்கில எழுத்துகளைப் பற்றி மட்டும் நடந்தது. கடலூரிலிருந்து சிதம்பரம் வரை போய்ப் பார்த்தால் சிக்கல் அதற்கு முன்னாலேயே தொடங்குகிறது. ஆங்கிலத்தில் எந்தத் தமிழ்ப் பெயரை எழுதுவது? கடலூரைத் திருத்தினால் கூடலூரை இழக்கிறோம். கூடலூரை மீட்டால் பல தலைமுறைகளாகக் கடலூர்க்காரர்களாக வாழ்பவர்களை என்ன செய்வது? சிதம்பரத்தைத் தமிழாக்கினால் சிற்றம்பலமா, தில்லையா, செலம்பரமா? பரங்கிப்பேட்டையில் தமிழ்ப் பெயரே அரபு, பாரசீகம் வழியாக வந்த ஐரோப்பியச் சொல்.

பிறமொழிக்காரர்கள் நம் பெயர்களைக் கெடுத்தார்கள் என்பது பாதிக் கதை. நாமும் அவர்களுடைய பெயர்களைக் கடைந்தெடுத்து நம்முடையதாக்கினோம். நம் பெயர்களையே நாமும் திரும்பத் திரும்பப் புதிதாகக் கேட்டோம். ரா.பி. சேதுப்பிள்ளை 1946இல் 'ஊரும் பேரும்' எழுதியதற்குப் பிறகு இந்த ஆர்வம் தமிழ் வாசகர்களிடம் குறையவில்லை. ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் ஒரே ஒரு மூலப்பெயர் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வளர்ந்துவிட்டது.

சோழர் காலத்து எழுத்தர்களுக்கு அந்த எதிர்பார்ப்பு இருக்கவில்லை. தொண்டைமண்டலத்துக்கு ராஜராஜன் காலத்தில் புதுப் பெயர் வந்தபோது அவர்கள் பழையதை அடிக்கவில்லை. தொண்டைமண்டலமான ஜயங்கொண்ட சோழமண்டலம் என்று கல்லில் வெட்டினார்கள். அரசன் வைத்த பெயரும் ஊரார் அறிந்த பெயரும் ஒரே வரியில் நின்றன. நடுவே 'ஆன' என்ற ஒரு சிறு சொல் போதுமாக இருந்தது. ரயில் நிலையப் பலகைகளில் மூன்று மொழிகளில் ஒரே பெயரை எழுதுகிறோம். ஒரே மொழியில் ஊரின் எல்லாப் பெயர்களையும் எழுதிவைக்க இன்னொரு பலகைக்கு இடமா இல்லை? கூடலூரான கடலூர். மஹ்மூத் பந்தரும் போர்ட்டோ நோவோவுமான பரங்கிப்பேட்டை. பெரும்பற்றப்புலியூரும் தில்லையும் செலம்பரமுமான சிதம்பரம். சுற்றுலாத் துறைக்கு அதிகச் செலவில்லாத வேலை. ஊருக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கோ வரலாற்றுப் பாடம் நடைமேடையிலேயே தொடங்கிவிடும்.